குழந்தை ஃப்ராக்: கழுத்து விரிந்து நிற்கிறது, சுருக்கம் சமமாக வரவில்லை

புதுஊசி:
"தலையணை உறை தைத்தே நாளைக் கடத்தாதே, நேரா ஃப்ராக்கில் கை வை" என்று தோழி தைரியம் சொன்னாள். 2 வயதுக் குழந்தைக்குக் காட்டன் துணியில் யோக் ஃப்ராக் (மேலே யோக் என்ற மார்புத் துண்டு, அதோடு சுருக்கம் வைத்த பாவாடை) வெட்டியாச்சு. மார்பு 20 இஞ்சு, தலைச்சுற்று 19. கழுத்து அகலம் பாதி 2¼, முன் இறக்கம் 2½, பின் இறக்கம் 1, பின்னால் 3 இஞ்சு திறப்பு. கழுத்துக்குக் கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) வைத்து உள்ளே மடித்திருக்கிறேன்.

கழுத்து படியாமல் அலை அலையாக நிற்கிறது, தலையிலும் சிரமப்பட்டுத்தான் நுழைகிறது. பாவாடைச் சுருக்கம் நடுவில் குவிந்து ஓரங்களில் தட்டையாக இருக்கிறது. இழுக்கும்போது நூல் இரண்டு தடவை அறுந்தது. கழுத்தைப் பிரித்துத் தைக்கவா? தோழி, பிரிக்காதே, அடுத்ததைத் தை என்கிறாள்.

கிராஸ்பீஸ்:
தோழி சொல்வதைக் கேளுங்கள். இழுபட்ட துணி தையலைப் பிரிப்பதால் பழைய அளவுக்கு வராது. பிரிக்கும்போது இன்னும் இழுபடும்.

முதலில் திறப்பைப் பார்ப்போம். உங்கள் அளவுக்குக் கழுத்துச் சுற்று ஏறக்குறைய 12½ வரும். திறப்பின் இரண்டு பக்கமும் சேர்ந்து 6. மொத்தம் 18½, தலையோ 19. போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கழுத்து இழுபடுகிறது. திறப்பு 4 இஞ்சு இருந்தால் 20½ கிடைக்கும், தாராளம்.

அடுத்தது வளைவு. நீளவாக்கிலோ குறுக்குவாக்கிலோ துணி அதிகம் நீளாது. வளைவில் இழை சாய்வாக ஓடுவதால் அங்கே கையில் எடுத்தாலே நீளும். அதனால் வெட்டிய உடனே, வேறு எதையும் தொடும் முன், ஓரத்திலிருந்து ¼ இஞ்சுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஒற்றைத் துணியில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். தோளில் தொடங்கி நடுவில் நிறுத்தி, மறு தோளிலிருந்து மறுபடி நடுவுக்கு. ஒரே ஓட்டமாக ஓட்டினால் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கிராஸ் பீஸ் 1¼ இஞ்சு அகலம், சரியாக 45 பாகையில் வெட்டியதாக இருக்கணும். துணி வீணாகுதே என்று நேர்வாக்கில் வெட்டினால் வளைவில் மடங்காது. தைக்கும்போது பட்டியை மட்டும் லேசாக இழுத்துப் பிடியுங்கள், கழுத்துத் துணியை இழுக்கவே கூடாது. 12½ கழுத்துக்கு 12 இஞ்சுப் பட்டியும், முனை மடிக்க இரு பக்கமும் அரை இஞ்சும் போதும். அதற்கு மேல் இழுத்தால் கழுத்து சுருங்கிக்கொள்ளும். தைத்தபின் விளிம்பில் அரை இஞ்சுக்கு ஒன்றாகத் தையலைத் தொடாமல் கத்தரிக்கோலால் வெட்டு கொடுங்கள். விளிம்பு தையல் கோட்டைவிடச் சின்ன வட்டம். உள்ளே மடங்கும்போது பெரிய வட்டத்தில் படியணும். வெட்டு இல்லாவிட்டால் அது விரிய வழியில்லை, கழுத்து தூக்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது கையில் இருப்பதற்கு: ஈரத்துணி போட்டு அயர்ன் பெட்டியை வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். காட்டன் என்பதால் ஓரளவு அடங்கும்.

பன்னா44:
சுருக்கத்துக்கு வருகிறேன். தையல் நீளத்தை 4 அல்லது 5 மி.மீ. வையுங்கள், மேல் நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தளர்த்தினால் பாபின் நூல் (கீழ் நூல்) நேராகக் கிடக்கும், அதைப் பிடித்து இழுத்தால் சுலபமாக வரும். இரண்டு வரிசை ஓட்டணும்: விளிம்பிலிருந்து ¼ இஞ்சில் ஒன்று, ⅝ இஞ்சில் ஒன்று. யோக்கோடு இணைக்கும் தையல் இரண்டுக்கும் நடுவே ½ இஞ்சில் போகும். ஒற்றை வரிசையில் சுருக்கம் உருண்டுவிடும்.

நூல் அறுவதற்குக் காரணம் முழு அகலத்தையும் ஒரே நூலில் இழுப்பது. நடுவில் நிறுத்தி நூல் வால் விட்டு, இரண்டு பாதியாகத் தையுங்கள். ஒரே இடத்தில் குவிவதற்குக் காரணம் குறி போடாதது. பாவாடை மேல்விளிம்பையும் யோக் கீழ்விளிம்பையும் தனித்தனியே நான்காகப் பிரித்து, குறியோடு குறி ஊசி குத்திவிட்டுப் பிறகு இழுங்கள். மார்பு 20, தளர்வு 3, ஆக யோக் 23. 44 இஞ்சு பன்னாவை (துணியின் அகலத்தை) அப்படியே எடுத்தால் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, காட்டனுக்கு அது போதும். மூன்று மடங்கு வைத்தால் இடுப்பில் மொத்தமாகத் தடித்துப்போகும்.

இணைக்கும்போது சுருக்கம் மேல்பக்கம் தெரியும்படி வையுங்கள். கீழே போனால் துணியை நகர்த்தும் மெஷின் பல் இழுத்து மடிப்பாக்கிவிடும்.

புதுஊசி:
நன்றி. விரிந்த கழுத்துக்குள் நாடா கோத்துச் சுருக்கிவிடலாமா?

கிராஸ்பீஸ்:
வேண்டாம். கழுத்து நாடா எதிலாவது மாட்டினால் குழந்தைக்கு மூச்சுமுட்டும். ஐரோப்பிய ஈஎன் 14682 தரம் 7 வயதுக்குட்பட்டோர் உடையில் கழுத்துப் பகுதியில் நாடாவையே அனுமதிப்பதில்லை. முன்கழுத்து நடுவில் ¼ இஞ்சில் இரண்டு சின்ன மடிப்பு பிடித்துத் தையுங்கள், ஒரு இஞ்சு குறையும். ஆனால் கழுத்து குறைந்தால் தலைக்கு இடம் போச்சு, எனவே பின்திறப்பை 4½ ஆக்கிவிட்டு மடிப்பைப் பிடியுங்கள்.