பாய்மரப் படகில் பத்து நாள்: நாயையும் பூனையையும் அழைத்துச் செல்லலாமா?

மழைக்குருவி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நானும் கணவரும் நண்பர் ஒருவரின் 36 அடிப் பாய்மரப் படகில் பத்து நாள் போகிறோம். பகலில் நான்கைந்து மணி நேரம் ஓட்டம், இரவில் ஏதாவது ஓர் ஒதுக்கமான இடத்தில் நங்கூரம். விலங்குகளை ஏற்ற நண்பருக்குத் தடையில்லை. தயக்கம் எனக்குத்தான்.

எங்கள் நாய் மணிக்கு ஏழு வயது, 22 கிலோ. தண்ணீரைக் கண்டால் குதித்துவிடுவான். பூனை செம்பிக்கு நான்கு வயது. காரில் ஏற்றினால் இறக்கும் வரை கத்துவாள். இருவரையும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அழைத்துப் போய் ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

வீட்டுக்குள் ஒரு சொட்டுச் சிறுநீர்கூட விடாத மணி படகில் எங்கே போவான்? அலையில் வாந்தி எடுத்தால் என்ன மாத்திரை கொடுக்கலாம்? செம்பி கடலில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கடைசிக் கேள்வி சில நாள்களாக என்னைத் தூங்கவிடவில்லை.

வடகாற்று எழுதுகிறார்:

நாயை அழைத்துப் போங்கள், பூனையை விட்டுவிட்டுப் போங்கள். நாய்க்கு நீங்கள் இருக்கும் இடம்தான் வீடு. பூனைக்கு வீடுதான் வீடு. எங்கள் பூனையை ஒரே ஒருமுறை ஏற்றினோம். இரண்டு நாள் படுக்கைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் பயணத்தை முறித்துக்கொண்டு திரும்பினோம்.

நங்கூரம் எழுதுகிறார்:

வடகாற்று சொல்வது பல பூனைகளுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. பதினான்கு ஆண்டுகளாக விலங்குகளோடு படகில் போய் வருகிறேன். முதலில் நாய், பிறகு நாயும் பூனையும், இப்போது பூனை மட்டும். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது எனக்கு நடந்தது.

நங்கூரமிட்ட ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும். 'தொப்' என்று ஒரு சின்னச் சத்தம். மீன் துள்ளியிருக்கும் என்று புரண்டு படுத்தேன். அடுத்து, நகம் சுரண்டும் ஒலி. என் தலைமாட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, படகுச் சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீரில். விளக்கை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். படகின் வெளிப்பக்கம் கண்ணாடிபோல வழுவழுப்பானது. எவ்வளவு கூர்மையான நகமானாலும் அதில் பிடி கிடைக்காது. ஆனால் பின்பக்கம் மணிக்கட்டுத் தடிமனில் பழைய கயிறு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். விளக்கை அடித்தபோது என் பூனை அதில் பாதி ஏறியிருந்தாள். உடம்பு நனைந்து பாதியாகச் சுருங்கி, காதுகள் பின்னுக்குப் படிந்து, ஒவ்வொரு பிடியாக மாற்றி மாற்றி ஏறினாள். மேலே வந்ததும் என் நெஞ்சில் நகத்தை ஊன்றிக்கொண்டு விடவே இல்லை. விடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கயிறு அங்கே இருப்பது அவளுக்கு முன்பே தெரியும். அதனால்தான் பிழைத்தாள். அசைவில்லாத தண்ணீரில் நின்றபோது அவளைக் கையில் ஏந்தி, பின்னங்கால்கள் மட்டும் நீரில் படும்படி கயிற்றில் ஒட்டவைத்து, ஏறவிட்டு, ஏறியதும் பிடித்த தீனி கொடுத்தேன். ஆறேழு முறை செய்திருப்பேன். பழக்குவதற்காகப் பூனையைத் தண்ணீரில் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், அப்புறம் அது உங்களையே நம்பாது. கப்பல்காரர்களின் பூனைகளுக்குக் கயிறு புதிதல்ல. மாத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலக் கடலோடியின் பூனை டிரிம் 1799-இல் கப்பலிலேயே பிறந்தது. குட்டியாக இருந்தபோது கடலில் விழுந்து, நீந்தி வந்து, கயிற்றைப் பற்றி ஏறிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு அவரோடு ஆஸ்திரேலியாவைச் சுற்றியும் வந்தது.

கயிறு உதவுவது படகு நிற்கும்போது மட்டுமே. பாய் விரித்து ஐந்து நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் கடந்துவிடும். அலைக்கு நடுவே பூனையின் தலை கண்ணுக்கே படாது. அதனால் ஓட்டத்தின்போது செம்பி கீழே கேபினில்தான் இருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், காற்று வர ஜன்னலுக்கு வலை போட்டிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கரையில் கட்டியிருந்த இடத்திலிருந்து கிளம்பும்போது அவள் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கயிற்றை அவிழுங்கள். "உள்ளேதான் இருப்பாள்" என்று யாராவது சொன்னால் போதாது.

இனி மணி. நாய்களுக்கான உயிர்காப்பு அங்கி வாங்கும்போது முதுகில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதும் அங்கியைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்து அவனைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். 22 கிலோ நனைந்தால் இன்னும் கூடும். படகு ஓரத்தில் குனிந்தபடி ஒருவரால் அதைத் தூக்க முடியாது. பாயை ஏற்றும் கயிற்றின் கொக்கியை அந்தக் கைப்பிடியில் மாட்டி வின்ச்சைச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) சுழற்றினால் உங்கள் கணவர் தனியாகவே தூக்கிவிடலாம். முதல் நாளே, அமைதியான நீரில், ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

பாதுகாப்பு வாரைக் கழுத்துப்பட்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள், உடலைச் சுற்றும் வாரில்தான் மாட்ட வேண்டும். வார் ஓரக் கம்பியைத் தாண்ட முடியாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும். பக்கத்துப் படகில் ஒரு நாய் நீளமான வாரோடு கம்பியைத் தாண்டி, தண்ணீரையும் எட்டாமல் தளத்தையும் எட்டாமல் கழுத்தில் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக ஆள் அருகிலேயே இருந்தார். அந்த நாயின் கண்கள் இன்னும் நினைவிலிருந்து போகவில்லை. பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும் நேரத்தில் அவன் உங்கள் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். "உட்கார்" என்ற சொல்லை இப்போதிருந்தே உறுதியாகப் பழக்குங்கள்.

சிறுநீர் விஷயம்: செயற்கைப் புல்விரிப்பு ஒன்றை வாங்கி, இன்றே வீட்டு வாசலில் போடுங்கள். அவன் வழக்கமாகப் போகும் இடத்து ஈரத்தைத் துணியில் ஒற்றி அதில் தேயுங்கள். போகும்போதெல்லாம் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். படகில் அதே விரிப்பை முன்பக்கம், அணியத்தில் போட்டு அதே சொல்லைச் சொல்ல வேண்டும். விரிப்பின் மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால் கடலில் தோய்த்து அலசிக்கொள்ளலாம். அப்படியும் என் நாய் முதல் பயணத்தில் 19 மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தான். வயிறு இறுகி, நடக்கவே மறுத்தான். ரப்பர்ப் படகைத் துடுப்புப் போட்டுக் கரைக்குக் கொண்டுபோனோம். ஆகவே முதல் மூன்று நாளாவது காலையும் மாலையும் கரை இறங்கும்படி திட்டமிடச் சொல்லுங்கள்.

வெயிலில் தளத்தின் மீது புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் அதைத் தாங்காது. நிழல்துணி கட்டுங்கள். தூண்டில், நரம்பு, இரை எல்லாவற்றையும் மூடிய பெட்டியில் வையுங்கள். அவனுக்கென்று நாளுக்கு இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள், பத்து நாளைக்கு 20 லிட்டர். நீந்தப் போகும் முன் வயிறு நிறையக் குடிக்கவையுங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், அளவு மிஞ்சினால் வலிப்பு வரைக்கும் போகும். நீந்தி வந்ததும் நன்னீரால் உடம்பைக் கழுவிக் காதைத் துடைத்துவிடுங்கள்.

கால்நடைத் தோழி எழுதுகிறார்:

நான் கால்நடை மருத்துவமனையில் பணிபுரிகிறேன். மாத்திரை பற்றி மட்டும் சொல்கிறேன். நாய்களின் பயண வாந்திக்கு மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. எடை பார்த்து மருத்துவர் எழுதித் தரவேண்டியது. கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு அல்ல. பூனைக்கு வேண்டுமானால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். படகின் முதலுதவிப் பெட்டியில் பாராசிட்டமால் கட்டாயம் இருக்கும், அது பூனைக்கு உயிரையே பறிக்கும் நஞ்சு.

செம்பி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கரையிலுள்ள மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டை நிறுத்திய பூனைக்குச் சில நாள்களிலேயே கல்லீரலில் கொழுப்பு படியும். சிறுநீர் கழிக்க முயன்றும் வரவில்லை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அது அவசரம்.

கடல்வழி எழுதுகிறார்:

உங்கள் நண்பர் வேறு நாட்டுக் கரையைத் தொடுவாரா என்று முதலில் கேளுங்கள். தொடுவார் என்றால் ஒரு மாதம் போதாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு 15 இலக்க மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) வேண்டும், சிப் பொருத்திய பிறகே ரேபிஸ் தடுப்பூசி, முதல் ஊசியிலிருந்து 21 நாள் காத்திருப்பு. சில நாடுகளிலிருந்து வருவோருக்கு ரத்தப் பரிசோதனையும் அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு. அயர்லாந்து, மால்டா, பின்லாந்து போன்ற இடங்களுக்கு நாய் என்றால், நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். பிரிட்டனுக்குள் சொந்தப் படகில் செல்லப்பிராணியைக் கொண்டுவர, அயர்லாந்திலிருந்து வருவோரைத் தவிர, அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கெடுபிடி இன்னும் அதிகம்.

எந்த நாடானாலும், மஞ்சள் கொடி ஏற்றி, அதிகாரிகள் அனுமதித்த பிறகே நாயைக் கரையில் இறக்குங்கள். மணி எவ்வளவு முனகினாலும்.

மழைக்குருவி எழுதுகிறார்:

நண்பரிடம் கேட்டுவிட்டேன். நாட்டு எல்லையைத் தாண்டப் போவதில்லை. புல்விரிப்பு வந்துவிட்டது. மணி அதை மூன்று முறை மோந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டான். நாளையும் முயல்வேன்.

நங்கூரம் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த நகச் சத்தம் வரும் இடத்தில் குரல் அடைத்துவிட்டது. செம்பியை அழைத்துப் போவதா வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்வது?

நங்கூரம் எழுதுகிறார்:

அவளையே முடிவு செய்ய விடுங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, படகு கரையில் கட்டியிருக்கும்போதே இரண்டு இரவு அவளோடு அதில் தங்குங்கள். அவள் படுக்கும் போர்வை, வழக்கமான மணல்தட்டு, வழக்கமான தீனி. தட்டு நகராதபடி கட்டி வையுங்கள். இரண்டாம் நாள் காலைக்குள் சாப்பிட்டு, குடித்து, தட்டையும் பயன்படுத்திவிட்டால், அடுத்து ஒருநாள் ஓட்டம் போய்ப் பாருங்கள். முதல் இரவு பதுங்கிக் கிடந்தால் கவலை வேண்டாம், அது இயல்பு. இரண்டாம் நாளும் எதையும் தொடவில்லை என்றால் வீட்டில் அவளுக்குப் பழகிய ஒருவரைத் தங்கவைத்துவிட்டு, மணியோடு மட்டும் போங்கள். அவள்மீது பாசம் குறைந்ததாக அதற்குப் பொருளில்லை.

அழைத்துப் போவதானால், மறக்காமல் கயிறு. நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு முழமாவது தொங்கட்டும், நுனியில் ஒரு முடிச்சு. காலையில் எஞ்சினை இயக்கும் முன் அதை மேலே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.