கடலோர ஊருக்குக் குடிபோகும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு: ஈரத்தைக் கவனியுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஹூஸ்டன் பக்கம் குடிபோயிருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "ஏசியை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தும் படுக்கை நமத்துக் கிடக்கிறது. ஆத்தா கொடுத்த பட்டுச் சேலையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. வீடு முழுவதற்குமாக டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் இயந்திரம், போடச் சொல்கிறார்கள். போடலாமா, ஆச்சி?"

போடுங்கள் தங்கச்சி. ஆனால் போடுகிறவர்கள் எந்தக் குழாயை எதில் சேர்க்கிறார்கள் என்பதைப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். டெக்சாஸ் கடற்கரையில் 17 ஆண்டுகள் குடித்தனம் நடத்திவிட்டு இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். அந்த 17 ஆண்டுகளில் பாதி, இந்த ஈரத்தோடு தெரியாமல் மல்லுக்கட்டியதில் போயிற்று. உங்களுக்கு அது வேண்டாம்.

முதலில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை விட வேண்டும். இதை எழுதும்போது வளவில் உட்கார்ந்திருக்கிறேன். முகப்புக் கதவும் பின்கட்டுக் கதவும் திறந்திருக்கின்றன. ஒரு தெருவில் நுழைந்த காற்று மறு தெருவுக்குப் போகிறது. சூடெல்லாம் முற்றத்தின் வழியே மேலே ஏறிவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் காலுக்குச் சில்லென்று இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையை விட்டால், நம் பக்கத்துக் காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு போகிற காற்று. மாடியில் காயப்போட்ட வற்றல் இரண்டே நாளில் சலசலக்கும். அதனால்தான் புழுக்கம் என்றால் உடனே ஜன்னலைத் திறக்கிறோம். மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஜன்னலைத் திறந்தால் காற்றோடு தண்ணீரும் உள்ளே வருகிறது.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் பார்த்தால்தான் விளங்கும். கோடையில் அங்கே பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி செல்சியஸ் வரை போகும். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீர் இருக்கும். வீட்டுக்குள் 24 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டுமென்றால் அதே கன மீட்டரில் 11 கிராம்தான் இருக்கலாம். கதவிடுக்கு, விளக்குத் துளை, குழாய் இணைப்பு வழியாக மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்று நுழைந்தால், கூடுதல் நீர் மணிக்கு 1.2 லிட்டர். ஒரு நாளைக்கு 29 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் அதற்கு மேல்.

ஏசி இதை எடுக்காதா என்றால், ஓடும்போது மட்டும் எடுக்கும். வீட்டின் அளவுக்கு மீறிய ஏசி ஏழெட்டு நிமிடத்தில் அறையைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஏசிக்குள்ளே காற்றைக் குளிர்விக்கும் சுருளில் கோத்த நீர் சொட்டி வெளியேறவே நேரம் இருக்காது. மார்ச் மாதத்திலும் அக்டோபரிலும், இரவிலும் வெளியே சூடு குறைவு, ஈரம் மட்டும் குறையாது. ஏசி அப்போது ஓடுவதே அபூர்வம். நீங்கள் செய்ததுபோல 68-க்கு இறக்கினால் சுவரும் அலமாரியும் மேலும் குளிர்ந்து, அவற்றின் மேல் ஈரம் படிய வசதியாகிறது. இன்னொன்றையும் இன்றைக்கே பாருங்கள்: தெர்மோஸ்டாட்டில் மின்விசிறி 'ஆன்' நிலையில் இருந்தால் 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். ஏசி நின்ற பிறகும் விசிறி ஓடினால், சுருளில் ஒட்டியிருக்கும் நீரை மறுபடி வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். இதற்குக் காசு செலவில்லை.

இனி குழாய் விஷயம். எங்கள் வீட்டில் முதலில் வந்தவர் இயந்திரத்திலிருந்து வரும் உலர்ந்த காற்றை ஏசிக்குத் திரும்பிப் போகும் குழாயில், அதாவது குளிர்ச்சுருளுக்கு முன்னால் சேர்த்துவிட்டார். அவருக்கு அது சுலபமான வேலை. எனக்கு அன்றைக்கு வேறுபாடு தெரியாது. இரண்டு கோடை மின்கட்டணம் ஏறியது. ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கவில்லை. உலர்ந்த காற்று நனைந்த சுருளின் மேலே பாய்ந்தால், போகும் வழியில் அங்கிருந்த நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டுதான் அறைக்கு வரும். பிறகு வந்த வேறொருவர் அதைப் பிரித்து, சுருளைத் தாண்டி அறைகளுக்குக் காற்று போகும் பக்கத்தில் இணைத்தார். கூடத்தின் நடுவிலிருந்து காற்றை இழுக்க இயந்திரத்துக்கென்றே தனிக் குழாயும் போட்டார். மூன்றாம் நாள் ஈரப்பதமானி 51 காட்டியது. அன்றிரவு பொரித்த அப்பளம் சாப்பிட்டு முடிக்கும்வரை நொறுங்கியது. சின்ன விஷயம்தான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே விலை கேட்கும்போதே இதைக் கேளுங்கள்: இழுக்கத் தனிக் குழாய் உண்டா? உலர்ந்த காற்றைச் சுருளுக்குப் பின்னால் சேர்ப்பீர்களா? ஏசிக் காற்று எதிர்த்திசையில் இயந்திரத்துக்குள் புகாதபடி ஒருவழி மடல் வைப்பீர்களா? தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பரணில் வைப்பதாக இருந்தால் அடியில் ஒரு தட்டும், தட்டில் நீர் ஏறினால் இயந்திரத்தை நிறுத்தும் மிதவை சுவிட்சும் கட்டாயம் வேண்டும். வடிகுழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது சரிந்திருக்கட்டும். பல மாதம் நன்றாக ஓடி, குழாயில் பாசி அடைத்து, உள்கூரை நனைந்து விழுந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தை அளக்கும் கருவியைச் சமையலறைப் பக்கமும் குளியலறைப் பக்கமும் மாட்ட விடாதீர்கள். அங்கே குக்கர் விசிலுக்கெல்லாம் இயந்திரம் ஓடும். ஈரப்பதத்தை 50 சதவீதத்தில் வையுங்கள். அதற்கு மேலே தூசிப்பூச்சி பெருகும், 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 40-க்கு இறக்குவது வீண் செலவு.

அளவு விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். அங்கே நாளொன்றுக்கு எத்தனை பைண்ட் நீரை எடுக்கும் என்று எழுதியிருப்பார்கள். 70 பைண்ட் என்பது 33 லிட்டர், 100 பைண்ட் 47 லிட்டர். அமெரிக்காவில் 2019-இல் சோதிக்கும் முறையை மாற்றினார்கள். உருட்டிச் செல்லும் சிறிய இயந்திரத்தை முன்பு 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சோதித்தார்கள், இப்போது 65-இல். பழைய 70 பைண்ட் இயந்திரம் இன்று ஏறக்குறைய 50 என்ற பெயரில் வருகிறது. வீடு முழுவதற்குமானதை 73 டிகிரியில் சோதிக்கிறார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது வெப்பம் தரும் இயந்திரம். காற்றிலிருந்து ஒரு லிட்டர் நீரைப் பிரிக்கும்போது 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிவரும். இயந்திரம் எடுக்கும் மின்சாரமும் வெப்பமாகவே மாறும். ஒரு நாளில் 20 லிட்டர் எடுத்தால் நீரிலிருந்து மட்டும் 13 யூனிட்டுக்கு மேல். ஆனால் காற்று உலர்ந்திருந்தால் 76 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் உடம்பு சுகமாக இருக்கும், 68 தேவைப்படாது.

இத்தனைக்கும் முன்னால் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பரணில் ஓடும் காற்றுக்குழாயின் இணைப்பு விட்டிருந்தால் பரணின் ஈரக்காற்று வீட்டுக்குள் வரும். அதைச் சரிசெய்யாமல் இயந்திரம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது. இட்லி அவிக்கும்போது புகைபோக்கியை ஓடவிடுங்கள். அது வெளியே திறக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் அடுப்புக் காற்றையே வடிகட்டித் திரும்ப அறைக்குள் விடும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து இதையே கேட்ட தம்பிக்கு: அடுக்குமாடி வீட்டில் அறைக்கொரு ஏசிதான், பொதுக் காற்றுக்குழாய் கிடையாது. உங்களுக்கு இது பொருந்தாது. பீரோ இருக்கும் அறையில் ஒரு சிறிய இயந்திரம் போதும், கதவைச் சாத்தி ஓட்டுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதுவே. சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் குழாயில் கை வைக்க வேண்டாம்.

தங்கச்சி, அந்தப் பட்டுச் சேலை. வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் பூஞ்சையைத் தட்டிவிட்டு, நிழலில் உலர்த்தி, டிரை கிளீனிங் கொடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள்; துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஈரப்பதமானி ஒரு வாரம் தொடர்ந்து 50-ஐ ஒட்டி நிற்கட்டும், அதற்குப் பிறகு பீரோவில் வையுங்கள்.