இவ்வுலகம் ஒரு சிமுலேஷன், அதாவது கணினியில் இயக்கப்படும் போலி உலகம், எனில், உள்ளே இருக்கும் நாம் அதை அறிவது எப்படி?

உப்புவெளியான்:
சென்ற வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது, மகன் வழியெல்லாம் கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டே வந்தான். விளையாட்டு வீரன் திரும்பும் பக்கத்துக் காட்சி மட்டுமே வரையப்படுகிறது என்றும், முதுகுக்குப் பின்னால் உள்ள மலை அதுவரை வெறும் எண்களாகவே கிடக்கும் என்றும் அவன் விளக்கினான். பிறகு அங்குள்ள இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவருகே நின்று கடலைப் பார்த்தபோது, என் பின்னால் உள்ள நகரம் இந்நேரம் இருக்கிறதா என்ற ஐயம் விளையாட்டாக எழுந்தது, இன்னும் அகலவில்லை. நாம் கணினிக்குள்தான் வாழ்கிறோம் என்று மெய்யியலாளர் நிக் பொஸ்ட்ரொம் 2003இல் நிறுவிவிட்டதாகச் சொல்கிறார்களே, அது சரியா? அதைச் சோதித்தறிய வழி உண்டா?

பௌதிகம் படிப்பிப்பவர்:
அவர் அப்படி நிறுவவில்லை, அண்ணா. அத்தகைய கணினி வல்லமையை எட்டுமுன் ஏறத்தாழ எல்லா நாகரிகங்களும் அழிந்துவிடும், அல்லது எட்டியவர்கள் தம் முன்னோரின் உலகை உருவாக்கிப் பார்க்க விரும்பமாட்டார்கள், அல்லது நாம் சிமுலேஷனுக்குள் இருப்பது ஏறக்குறைய உறுதி. இம்மூன்றில் ஒன்றாவது உண்மை என்பதே அவர் வாதம்.

சோதனையைப் பற்றி 2012இல் சைலஸ் பீன் உள்ளிட்ட மூன்று பௌதிகவியலாளர்கள் எழுதினார்கள். அணுக்கருத் துகள்களுக்கு உள்ளிருக்கும் குவார்க்குகளைக் கணிக்கும்போது நாமே வெளியைக் கனசதுரக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணினிக்குக் கொடுக்கிறோம். நம்மை இயக்குபவர்களும் அவ்வாறே செய்திருந்தால், விண்வெளியிலிருந்து வரும் மிக உயர்ந்த ஆற்றலுள்ள அண்டக்கதிர்கள் எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மையைக் காட்டாமல், கட்டத்தின் அச்சுகளைக் காட்டிக்கொடுக்கக்கூடும். பன்பாயில் படுத்திருப்பவருக்குத் தெரியாத பின்னல் அதன்மேல் ஊரும் எறும்புக்குத் தெரிவதுபோல, ஆற்றல் கூடி அலைநீளம் குறுகக் குறுகத்தான் கட்டம் தட்டுப்படும். இதுவரை அப்படி எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் கட்டம் இன்னும் நுண்ணியதாக இருக்கலாம் என்பதால், அது மறுப்பும் ஆகாது.

கன்னியாவாசி:
தம்பி சொன்ன சோதனை, இயக்குபவர்களும் நம்மைப் போலவே கணிப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. கணினி பற்றிய நம் அறிவு முழுவதும் இவ்வுலகிலிருந்தே வந்தது. இவ்வுலகைப் பொய் என்றால் அந்த அறிவும் பொய்யாகி, இருந்த கிளையையே வெட்டியது போலாகும்.

பொய் என்ற சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை. சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது தோற்ற மயக்கமன்று. குடத்துக்கு மண் எப்படியோ அப்படி உலகுக்கு முதற்காரணமான உள்பொருள். உலகம் எண்களால் ஆனதென்றே வைத்துக்கொண்டாலும், எண் இங்கே மண்ணின் இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. எங்கள் ஊரான கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுவது அதனால் குறையப்போவதில்லை.

உப்புவெளியான்:
இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னதை ஏற்கிறேன். முதுகுப்புறத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: கோயில் இருக்கும் கோட்டைக்குள் நான் கடலைப் பார்த்து நின்றிருந்தபோது, பின்னால் வந்த மான் ஒன்று அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்நேரம் அதை யாரும் வரையாமல் விட்டிருக்கலாம், கணக்கிடாமல் விடவில்லை.