பூனைக்கு மீன் குழம்புச் சோறும் தக்காளி சாஸும் கொடுக்கலாமா?

கேள்வி:

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண் பூனை இருக்கிறது. எடை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பகலில் அதற்குச் சோறு வைப்பவர் என் மாமியார். ஊரில் காலங்காலமாக மீன் குழம்பு பிசைந்த சோறும் தயிர்ச் சோறும்தான் வைத்தோம், பூனைகள் நன்றாகத்தான் இருந்தன என்கிறார். பிள்ளைகளோ தாங்கள் தொட்டுக்கொள்ளும் தக்காளி சாஸையும் மயோனைஸையும் விரலில் எடுத்து நீட்டுகிறார்கள், அதுவும் நக்கிவிடுகிறது. பெரியவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால், எது கெடுதல், ஏன் கெடுதல் என்பது எனக்குத் தெளிவாக வேண்டும். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:

மீனை விடுங்கள், கவலைப்பட வேண்டியது குழம்பைப் பற்றித்தான். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பணுக்களைத் தாக்கிச் சிதைக்கின்றன. அவை எளிதில் தாக்கும் இடங்கள் மனிதரின் ஹீமோகுளோபின் மூலக்கூறில் இரண்டும், நாயினுடையதில் நான்கும், பூனையினுடையதில் எட்டும் இருப்பதால், நமக்கு ஒன்றும் செய்யாத அளவு பூனைக்கு இரத்தச்சோகையை உண்டாக்கிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் இரத்தத்தில் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும். உங்கள் பூனைக்கு அது ஏறத்தாழ 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். ஒரே வேளையில் அவ்வளவு தின்னாவிட்டாலும், நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வதும் அதே தீங்கைச் செய்யும். பூண்டு வெங்காயத்தைவிடக் கடுமையானது. வதக்கினாலும் கொதிக்கவைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் நச்சு போவதில்லை. ஆகவே வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு வெறும் குழம்பை ஊற்றுவதும் பாதுகாப்பாகாது.

கடையில் வாங்கும் தக்காளி சாஸ் பலவற்றில் வெங்காயப் பொடியோ பூண்டுப் பொடியோ உண்டு. புட்டியின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். இனிப்புக்காகத்தான் பூனை நக்குகிறது என்று பிள்ளைகள் நினைக்கலாம். ஆனால் பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதும், அதற்கான மரபணு அதன் உடலில் செயலிழந்திருப்பதும் 2005-இல் கண்டறியப்பட்டவை. சோயா சாஸை அறவே தவிர்த்துவிடுங்கள்: ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. மயோனைஸ் பெரும்பாலும் எண்ணெய்தான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடைசெய்ததற்குக் காரணமான சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பூனையையும் நோயில் தள்ளக்கூடும்.

பதில் 2:

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டே பேசுங்கள். ஊர்ப் பூனைகள் சோற்றை மட்டும் நம்பி வாழவில்லை. எலி, ஓணான், குருவி என்று தாமே பிடித்துத் தின்றதால் அவற்றுக்கு வேண்டிய டாரின் என்னும் சத்து கிடைத்துவந்தது. பூனையின் உடல் அதைப் போதிய அளவில் உண்டாக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987-இல் உறுதியானது, பார்வையும் கெடும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குக் குழம்புச் சோறும் தயிர்ச் சோறும் அந்தக் குறையை ஒருபோதும் ஈடுசெய்யா.

ஆகவே குழம்பு கூட்டுவதற்கு முன்பே இரண்டு மீன் துண்டுகளை எடுத்து, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். சோறு வைக்கும் மகிழ்ச்சி பெரியவருக்குக் குறையாது. பச்சையாகக் கொடுக்க வேண்டாம்: சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். கருவாடு உப்புக்காகவே ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்காகும். தயிர் ஓரளவு பரவாயில்லை. அன்றாட உணவாகப் பூனைக்கென்றே முழுச் சத்துகளும் சேர்த்துத் தயாரித்த தீனி இருக்கட்டும், மீனும் கோழியும் அதற்கு மேல் சிறிதளவு.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. நேற்று மதியமும் குழம்புச் சோறு தின்றிருக்கிறது. இப்போது ஓடியாடித்தான் திரிகிறது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில் 3:

இன்று சுறுசுறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெங்காயத்தின் பாதிப்பு வெளியே தெரிவதற்குச் சில நாள்கள் ஆகலாம். தினமும் ஈறுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம் வெளுத்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, சோர்ந்து படுத்துத் தீனியை ஒதுக்கினாலோ அன்றைக்கே கொண்டுசெல்லுங்கள். நீண்ட நாளாக இந்த உணவே தின்றுவந்திருப்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் இந்த வாரத்திலேயே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், அந்த உப்பே ஆபத்தாகிவிடும். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டாம் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: அதுவும் சிவப்பணுக்களையே தாக்கும், ஒரே மாத்திரையில் பூனை இறந்துவிடக்கூடும்.