தீயணைப்பாளர் தலைக்கவசமும் பழைய உருவப்படமும் ஒருவருடையவைதானா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நான் வசிக்கும் சிற்றூரில், உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்புக்கு வார இறுதிகளில் பொருட்பட்டியல் எழுதிக் கொடுத்து வருகிறேன். ஒரே குடும்பத்தார் ஒரே பெட்டியில் வைத்து அளித்த மூன்று பொருள்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. முதலாவது, பின்பக்க விளிம்பு நீண்டு, முன்புறத்தில் பித்தளைக் கழுகு பொருத்திய தோல் தலைக்கவசம். அதன் நெற்றிக் கேடயத்தில் சிவப்பு நிறத்தின்மேல் பொன்னிற எண் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது, உயரமான குழாய் போன்ற வண்ணத் தொப்பி; அதில் பெஞ்சமின் பிராங்க்ளினின் முகமும் ஓர் ஆண்டும் தீட்டப்பட்டுள்ளன. மூன்றாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் மூடிபோட்ட பேழையில் உள்ள ஓர் இளைஞரின் பழைய புகைப்படம். அவர் மடியில் ஒரு தலைக்கவசத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

படத்தில் இருப்பது இதே கவசம்தான் என்றும், அவர் அணிந்திருப்பது சிவப்புச் சட்டை என்றும் குடும்பத்தார் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் எங்களிடம் உள்ள கவசத்தின் வலப்புற விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கிழிசல் இருக்கிறது. யாரோ அதை ஐந்து தையல் போட்டு இணைத்திருக்கிறார்கள். படத்திலோ அதே போன்ற தையல் இடப்புறத்தில் தெரிகிறது. சட்டை கறுப்பாக இருக்கிறது, நெற்றிக் கேடயமும் எழுத்தே தெரியாத கருமையாக இருக்கிறது. ஆகவே இது வேறு கவசம் என்று எழுதிவிடலாமா? தொப்பியில் உள்ள ஆண்டையே அது செய்யப்பட்ட ஆண்டாகப் பதியலாமா?

முதல் மறுமொழி

வணக்கம். தயவுசெய்து அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். நீங்கள் மறுப்பாகக் கருதும் மூன்று செய்திகளுமே குடும்பத்தார் சொல்வதற்குச் சான்றாக அமையக்கூடும்.

1839இல் அறிவிக்கப்பட்ட டாகுவேரோடைப் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலேயே உருவம் நேரடியாகப் பதிந்தது. 1856இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டின்டைப் முறையில் கறுப்பு மெருகு பூசிய இரும்புத் தகட்டில் பதிந்தது. இரண்டிலும் கேமராவுக்குள் சென்ற தகடே நம் கைக்கு வரும் படமாகையால், கண்ணாடியில் முகம் பார்ப்பது போல இடமும் வலமும் மாறியிருக்கும். கண்ணாடித் தகட்டில் எடுத்த அம்ப்ரோடைப்பில் மட்டும், தகட்டை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பேழையில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து, உருவம் மாறியும் இருக்கலாம், நேராகவும் இருக்கலாம்.

நிறத்துக்கும் விடை உண்டு. அக்காலத் தகடுகள் நீல ஒளியை நன்றாகப் பற்றிக்கொண்டன. சிவப்பை ஏறக்குறைய உணரவே இல்லை, மஞ்சளையும் இருட்டாகவே காட்டின. ஆகவே சிவப்புச் சட்டை கறுப்பாகவும், சிவப்பின்மேல் எழுதிய பொன்னிற எண் கருமைக்குள் மறைந்தும் போவது இயல்பு. கன்னத்தில் இளஞ்சிவப்போ பொத்தானில் பொன்னிறமோ தெரிந்தால், அது படம் எடுத்த பிறகு கையால் தீட்டியது.

பேழையைப் பிரிக்காமலேயே வகையை அறியலாம். சாய்த்துப் பார்க்கும்போது உருவம் மறைந்து உங்கள் முகம் கண்ணாடியில் போலத் தெரிந்தால் அது டாகுவேரோடைப். அப்படித் தெரியாவிட்டால், ஒரு சிறு காந்தத்தை நூலில் கட்டி, படத்தின்மேல் படாமல் அருகே தொங்கவிடுங்கள். அது இழுபட்டால் டின்டைப்.

இரண்டாம் மறுமொழி

தொப்பிகளைப் பற்றி நான் சொல்கிறேன். உங்களிடம் இருப்பவை இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. தோல் கவசம் தீயின் அருகே அணிவது. நியூயார்க்கில் பயணப் பெட்டிகள் செய்துவந்த ஹென்றி கிராட்டகாப், தாமே தன்னார்வத் தீயணைப்பாளராக இருந்தவர். பெட்டித் தோலைக் கெட்டியாக்கித் தைக்கும் கைப்பழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் தலைக்கவசத்துக்குக் கொண்டுவந்தார். பின்புறம் நீண்ட விளிம்பு, மேலிருந்து கொட்டும் நீரும் தீக்கங்குகளும் கழுத்துக்குள் இறங்காமல் தள்ளிவிடும். உட்பகுதியில் செய்தவரின் முத்திரை இருந்தால் அதையும் முகவரியையும் அப்படியே படியெடுங்கள். அவருடைய தொழிலைப் பின்னர் கெய்ர்ன்ஸ் சகோதரர்கள் ஏற்றதால், முத்திரையில் உள்ள பெயரே காலத்தைச் சுருக்கித் தந்துவிடும். நெற்றிக் கேடயம் கழற்றி மாட்டக்கூடியது என்பதால் கேடயத்தையும் கவசத்தையும் தனித்தனியாக விவரியுங்கள்.

குழாய் வடிவத் தொப்பி அணிவகுப்புக்கானது. மயிரிழைகளை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியில் செய்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய இவ்வகைத் தொப்பிகளுக்கு ஃபிலடெல்ஃபியா பெயர்பெற்றது. அதில் எழுதியுள்ள ஆண்டு பெரும்பாலும் அந்தக் குழு தொடங்கப்பட்ட ஆண்டாகவே இருக்கும், தொப்பி செய்த ஆண்டாக இராது. பிராங்க்ளின் 1736இல் அந்நகரில் யூனியன் தீயணைப்புக் குழுவை அமைத்தவர் என்பதால், அவர் முகத்தைப் பிற்காலக் குழுக்களும் பெருமையோடு தீட்டிக்கொண்டன. ஃபிலடெல்ஃபியாவில் 1871இல் ஊதியம் பெறும் தீயணைப்புத் துறை பொறுப்பேற்றபோது தன்னார்வக் குழுக்களின் காலம் முடிந்தது. தொப்பி அந்நகரக் குழுவினுடையது என்றால், அதற்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. உச்சியைப் பாருங்கள், உரிமையாளரின் பெயரெழுத்துகளை அங்கே எழுதுவது வழக்கம். குடும்பப் பெயரோடு அவை பொருந்துகின்றனவா என்பதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

மூன்றாம் மறுமொழி

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய ஃபெல்ட்டைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். ஆகவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோல் கவசத்தில் செம்பொடி உதிர்ந்தால் எண்ணெயோ மெருகோ தடவ வேண்டாம். நான் பணியாற்றிய ஒரு சேகரிப்பில் நல்லெண்ணத்தோடு தடவிய எண்ணெய், சில ஆண்டுகளில் தூசியைப் பிடித்து, எழுத்துகளை மூடிய கறுப்புப் பிசினாகிவிட்டது. அமிலமற்ற தாளைச் சுருட்டி உள்ளே நிரப்பி, விளிம்பின்மேல் பாரம் விழாதபடி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நூலில் கட்டிய காந்தம் பேழையை நோக்கி மெல்லச் சாய்ந்தது. எனவே படம் டின்டைப், 1856க்கு முந்தையது அன்று. அதைக் கைபேசியில் எடுத்து இடவலமாகத் திருப்பினேன். தையல் வலப்புறத்துக்கு வந்துவிட்டது. பெரிதாக்கி எண்ணியதில் ஐந்து தையல்கள். நான்காவது மட்டும், நம் கவசத்தில் உள்ளது போலவே, சற்றுச் சாய்ந்திருக்கிறது. தொப்பியின் உச்சியில் இரண்டு எழுத்துகள் உள்ளன, இரண்டாவது அந்தக் குடும்பப் பெயரின் முதலெழுத்து. பட்டியலில் "படத்தில் உள்ளது பெரும்பாலும் இதே கவசம், உருவம் இடவலம் மாறியது" என்று எழுதியிருக்கிறேன். தொப்பியில் உள்ள ஆண்டைக் "குழு தொடங்கிய ஆண்டாக இருக்கலாம்" என்னும் குறிப்போடு தனியே பதிந்திருக்கிறேன்.