பிரிசர்வேஷன் ஹாலில் மைக் இல்லாமல் கேட்ட ஜாஸ்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குப் போகிற நம்மவர்கள் பலர், மதுக்கடைகள் நிறைந்த போர்பன் தெருவின் கூச்சலைப் பார்த்துவிட்டு, இதுதான் அந்த ஊர் இசை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து செயின்ட் பீட்டர் தெருவில் திரும்பிச் சில அடி நடந்தால் 726ஆம் எண் கட்டடம் வரும். அதுதான் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் இசைக்கூடம். காரை பெயர்ந்த சுவர்கள், தேய்ந்த மரத்தரை, சில பெஞ்சுகள், தரையில் கொஞ்சம் திண்டுகள், அவ்வளவுதான். மது விற்பதில்லை. வாசிப்பு தொடங்கிவிட்டால் படம் எடுக்கக் கூடாது. மைக்கும் கிடையாது.

எனக்குத் தரையில், வாசிப்பவர்களின் காலடியில் இடம் கிடைத்தது. மூன்று ஊதுகருவிகள்: டிரம்பெட் மெட்டை நடத்திக்கொண்டு போகிறது, கிளாரினெட் அதன் மேலே கொடி மாதிரி படர்கிறது, டிராம்போன் அடியிலிருந்து பதில் சொல்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் அவரவர் கற்பனையை வாசிக்கிறார்கள். ஒலிப்பதிவில் கேட்டபோது எனக்கு எல்லாம் கலந்த இரைச்சலாகவே பட்ட விஷயம் இது. அங்கே, எந்த ஒலி யாருடைய மூச்சு என்று தனித்தனியாகக் கேட்டது. டிரம்பெட்காரர் கருவியை இறக்கிவிட்டுப் பாடத் தொடங்கினார். உடனே பியானோவும் டிரம்ஸும் தாமாகவே அடங்கி அவர் குரலுக்கு வழிவிட்டன. ஒலிக்கலவைப் பெட்டி செய்கிற வேலையை அவர்கள் காதாலேயே செய்துவிடுகிறார்கள்.

முன்பு அந்த ஹால் லாரி போரென்ஸ்டைன் என்பவரின் ஓவியக் கூடம். கடையை விட்டுக் கச்சேரிக்குப் போக முடியாததால் இசைக்காரர்களை அவர் அங்கேயே வரவழைத்தார். 1961இல் ஆலன், சாண்ட்ரா ஜாஃபி என்ற இளம் தம்பதி அதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். புது இசை அலையில் வாய்ப்பு குறைந்துபோன முதிய கறுப்பினக் கலைஞர்களுக்கு மறுபடி வாசிக்க ஓர் இடம் கிடைத்தது. இனப்பிரிவினைச் சட்டம் இருந்த ஊரில், கறுப்பரும் வெள்ளையரும் அந்தச் சின்ன அறையில் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

என் மனதை விட்டுப் போகாதவர் ஸ்வீட் எம்மா பாரெட். காலில் சலங்கை போல மணிகள் கட்டிக்கொண்டு பியானோ வாசித்தவர். 1967இல் பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்தது. அதற்குப் பிறகும் வலது கையாலேயே தொடர்ந்து வாசித்தார்! அவரும் கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸும் வாசித்த அதே அறையில் இன்று இளைஞர்கள் வாசிக்கிறார்கள். 2005 கத்ரீனா புயலில் ஹால் மூடப்பட்டது, மறு வருடமே திறந்தும்விட்டார்கள். இப்போது ஜாஃபி தம்பதியின் மகன் பென் நடத்துகிறார், டியூபா என்ற பெரிய ஊதுகருவியும் வாசிப்பார்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு காட்சி சுமார் முக்கால் மணி நேரம்தான், அதனால் பின்னால் நிற்கிற டிக்கெட் என்றாலும் தயங்காமல் வாங்குங்கள். எந்த வயதினரையும் உள்ளே விடுவார்கள். குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.