மேபல் மட்ஜ் நடத்திய பப்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தின் வடகிழக்கு ஓரத்தில் ட்ரூஸ்டெய்ன்டன் என்ற சின்ன கிராமம் இருக்கிறது. நான் போனது காசில் ட்ரோகோ என்ற கோட்டை மாளிகையைப் பார்க்க. மனதில் தங்கியது என்னவோ தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கூரை வேய்ந்த பப் (மதுக்கடை), ட்ரூ ஆர்ம்ஸ்தான்.

"ரொம்பப் பழைய கட்டடமா?" என்று பக்கத்து மேசைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கட்டடம் கிடக்கட்டும், மேபலைப் பற்றித் தெரியுமா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

மேபல் மட்ஜ் 1919-ல் கணவரோடு இந்த பப்புக்கு வந்தவர். கணவர் இறந்த பிறகும் தானே நடத்தினார். 1994-ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 99. ஒரே இடத்தில் 75 ஆண்டுகள்! அங்கே பல பப்கள் மது ஆலைக்கோ பெரிய கம்பெனிக்கோ சொந்தம். நடத்துகிறவர் வாடகை கட்டி, பெரும்பாலும் மாடியிலேயே குடியிருந்து, உரிமையாளர் சொல்கிற இடத்தில்தான் பீர் வாங்க வேண்டும். கட்டுப்படியாகாமல் சில வருடங்களிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அதனால்தான் இந்த 75 எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அவர் காலத்தில் எத்தனை மாறியிருக்கிறது பாருங்கள். பப்பின் பெயரே முதலில் ட்ரூயிட் ஆர்ம்ஸ். மளிகைக் கடைகளில் பெரும் பணம் சேர்த்த ஜூலியஸ் ட்ரூ பக்கத்தில் காசில் ட்ரோகோவைக் கட்டிய சமயத்தில்தான் அது ட்ரூ ஆர்ம்ஸ் ஆனது. முதல் உலகப் போரில் வந்த கட்டுப்பாட்டால் மதியத்தில் பப்களை மூட வேண்டியிருந்தது. அது 1988 வரை நீடித்தது. அதாவது மேபல் ஏறக்குறைய 70 வருடம் தினமும் மதியம் கதவைச் சாத்தி, சாயங்காலம் மறுபடி திறந்திருக்கிறார். நடுவில் 1971-ல் பழைய ஷில்லிங் நாணயக் கணக்கும் போய்விட்டது. அவர் காலத்தில் மாறாதது பீர் ஊற்றும் முறை. நாம் நினைக்கிற மாதிரி நீளமான கவுன்டர் எதுவும் இல்லை, பின்னறைப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துத் தந்தார்கள்.

ஒரு ஊரின் சரித்திரத்தை அந்தப் பெரியவர் ஒரு பெண்மணியின் பேரைச் சொல்லியே சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

காசில் ட்ரோகோ போகிறவர்கள் அப்படியே கிராமத்துக்கும் நடந்து போய்ப் பாருங்கள். கிராமத்து பப்கள் எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருக்காது. அதனால் நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.